மற்றவை, காரணம் எழுதவும்

போன் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். இது தெரியாதவர்கள், அக்கா சமாதானமாகிவிட்டார் என்று நினைத்து மேலும் மேலும் பேசி வசமாக மாட்டிக்கொள்வார்கள். பெரிய டாக்டரும் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். இருநூறு பேர் பார்க்க மாட்டிக்கொண்டார் என்பதுதான் அவருக்கு வருத்தம். மாட்டிக்கொண்டது எதற்காக என்று அவர் இன்றைக்கு வரைக்கும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அக்கா இருபத்திரண்டு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவர். முழங்கால் தேய்ந்து, மாடிப்படியைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற நிலைமை வந்ததும், ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைப் பார்த்தபடி இருக்கிற ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு மேஜை, இரண்டு போன், ஒரு பக்கம் மட்டுமே திரும்பும் மேஜை விசிறி, மூலையில் படிவக் கட்டுகள். ஆஸ்பத்திரியின் ரத்த அழுத்த கிளினிக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிற முந்நூற்று நாற்பது பேருக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போன் போட வேண்டும். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் ஏன் என்று கேட்டு எழுத வேண்டும். பதினெட்டு மாதம் இதுதான் வேலை.

வேலையைக் கொடுத்தது நடத்தை மருத்துவச் சங்கம். டாக்டர்களும் மனநல நிபுணர்களும் பேராசிரியர்களும் சேர்ந்த சங்கம் அது. மாத்திரை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, மனிதன் அதை ஏன் விழுங்குகிறான், ஏன் விழுங்காமல் விடுகிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நல்ல கொள்கைதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அக்காவுக்கே முதல் நாள் அதைக் கேட்டபோது மனசு நிறைந்துவிட்டது. கடைசியில் நம் ஆட்களிடம் ஏன் என்று கேட்க ஒருவர் வந்துவிட்டார் என்று வீட்டில் போய்ச் சொன்னார். மோட்டார் ரிப்பேர் செய்கிற வீட்டுக்காரர், "கேக்கறது சரி, பதிலைக் காதுல வாங்குவாங்களா?" என்றார். வாய் முகூர்த்தம் என்பது இதுதான் போலிருக்கிறது.

படிவத்தில் காரணத்துக்கு நான்கு கட்டம். ஒன்று, மறந்துவிட்டேன். இரண்டு, அக்கறை இல்லை. மூன்று, உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு, மற்றவை, காரணம் எழுதவும். நான்காவது கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். தபால்தலை அகலம்கூட இல்லாத கோடு. அக்கா அதில் எறும்பு எழுத்தில் எழுதுவார். கோடு போதாவிட்டால் ஓரத்தில் எழுதுவார், ஓரமும் போதாவிட்டால் பின்பக்கம் திருப்பி எழுதுவார். ஒரு படிவத்தையும் வெற்றாக விட்டதில்லை.

இரண்டாவது கட்டத்தில் அக்கா பதினெட்டு மாதத்தில் மொத்தம் பதினொரு முறைதான் டிக் போட்டார். அதில் ஒன்பது ஒரே ஆள், மனைவி இறந்துபோன ஒரு ரிட்டயர்டு வாத்தியார். "உயிரோட இருக்கறதுலயே எனக்கு அக்கறை இல்லம்மா, மாத்திரையில என்ன அக்கறை" என்பார். அவருக்கு மட்டும் அக்கா அரை மணி நேரம் பேசுவார். அக்கறை இல்லாமல் போவது என்றால் எப்படி இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். அந்தக் குரலைக் கேட்டவர் அவர்.

மற்றவர்கள் எல்லாம் வேறு ரகம். தையல் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்களுக்கு ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு டோக்கன், டோக்கன் கொடுத்தால்தான் பாத்ரூம். வாட்ச்மேன் கேட்டை விட்டு நகர்ந்தால் மெமோ. இவர்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் கொடுப்பது நீர் மாத்திரை. போட்டால் மணிக்கொரு தரம் போக வேண்டும். எங்கே போவார்கள்?

பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். அக்காவைவிட ஏழெட்டு வயது சின்னவர். கேலிப் பேச்சுக்காரர். முதல் போனிலேயே, "அக்கா, உங்க மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆனா என் பஸ்ஸு நடுவழியில நிக்காது, நான்தான் நிக்கணும்னு தவிப்பேன்" என்றார். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். அந்தக் கோடியில் இருக்கிற கழிப்பறையில் பூட்டு. சாவி டைம் கீப்பரிடம். அவர் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார், சாவியும் அவர் பாக்கெட்டிலேயே போய்விடும். அதனால் டிரைவர் வேலை நாளில் மாத்திரை போடுவதில்லை. தண்ணீரும் குடிப்பதில்லை.

"ராத்திரி போட்டுக்கலாமே தம்பி," என்றார் அக்கா.

"போட்டுப் பாத்தேன்கா. அஞ்சு தடவை எழுந்திரிச்சேன். காலைல ஸ்டியரிங் பிடிச்சா கண்ணு சொக்குது. பின்னாடி அம்பது பேரு உக்காந்திருக்காங்க."

"டாக்டர்கிட்ட மாத்திரையை மாத்தச் சொன்னீங்களா?"

"மாத்தினாரு. கால் வீங்கிப் போச்சு. ஷூ நுழையல. வெறுங்காலோட பிரேக் அடிக்கறதைப் பாத்து செக்கர் எழுதிட்டுப் போனாரு. மறுபடி பழைய மாத்திரைதான்."

நான்காவது கட்டத்தில் டிக் போட்டு, அக்கா எழுதினார்: வழியில் கழிப்பறை இல்லை. கோடியில் பூட்டு. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை இதையே எழுதினார். எழுதினால் யாராவது படிப்பார்கள், படித்தால் யாராவது பஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் போடுவார்கள், ஒரு பூட்டுதானே, திறந்துவிடுவார்கள் என்று நம்பினார். அக்காவின் அசட்டுத்தனம் அவ்வளவுதான்.

பத்தொன்பதாவது மாதம் டிரைவரே போன் செய்தார். வழக்கமான கேலி இல்லை.

"அக்கா, நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

"என்ன தம்பி?"

"லெட்டர் வந்திருக்கு. 'தங்கள் உடல்நலத்தில் தாங்கள் தொடர்ந்து அக்கறை காட்டாததால் கிளினிக்கிலிருந்து தங்கள் பெயர் நீக்கப்படுகிறது'ன்னு போட்டிருக்கு. எனக்கு அக்கறை இல்லன்னு நான் சொன்னேனா? ஒன்றரை வருஷமா நீங்க கேட்டதுக்கெல்லாம் வெக்கத்தை விட்டுப் பதில் சொன்னேனே அக்கா. ஒரு பொம்பளகிட்ட சொல்லக் கூச்சமாத்தான் இருந்துச்சு. நீங்க அதை இப்படியா எழுதுனீங்க?"

டிரைவர் மேலும் சொன்னார். அடுத்த மாதம் இருபதாம் தேதி அவருடைய லைசென்ஸுக்கு உடல் தகுதிச் சான்று வேண்டும். கிளினிக் டாக்டர் கையெழுத்து இல்லாவிட்டால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி டிப்போவில் பஸ் கழுவ விட்டுவிடுவார்கள். இருபது வருட சர்வீஸ். "பரவால்லக்கா, டிப்போல பாத்ரூமாவது இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தக் கேலிதான் அக்காவை அறுத்தது.

அக்கா எழுந்து, வலிக்கிற காலோடு மூன்று மாடி ஏறினார். மேலே கணக்கம்மா இருப்பார். சங்கத்தின் ஆராய்ச்சிகளுக்குப் புள்ளிவிவரம் போடுகிற அம்மாள். நல்ல மனுஷி. அக்காவைப் பார்த்ததுமே விஷயம் புரிந்து முகம் சிறுத்துவிட்டது.

"கம்ப்யூட்டருக்கு எழுத்தெல்லாம் வேணாம்கா, நம்பர்தான் வேணும்," என்றார். "நாலாம் நம்பரை என்ன பண்றதுன்னு மீட்டிங்ல நான் கேட்டேன். 'மற்றவைன்னு சொல்றதெல்லாம் சாக்குதானே, ரெண்டோட சேர்த்துடுங்க'ன்னாங்க. அஞ்சு நிமிஷம்கூடப் பேசல. டீ வந்துடுச்சு."

"நான் எழுதினதை யாரும் படிக்கலையா?"

கணக்கம்மா அறையின் மூலையைக் கை காட்டினார். அங்கே பதினொரு சாக்கு மூட்டை இருந்தது. கட்டுக்கூடப் பிரிக்கவில்லை. தாளின் ஓரத்தை மட்டும் விலக்கி நம்பரைப் பார்த்துப் பதிந்துகொண்டிருக்கிறார்கள். மாத்திரையைத் தவறவிடுகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் அக்கறை இல்லாதவர்கள் என்று அறிக்கை தயாராகிவிட்டது. மூன்று தடவை தொடர்ந்து அக்கறை காட்டாதவர்களை நீக்கிவிட்டு, அக்கறை உள்ளவர்களுக்கு இடம் கொடுக்கலாம் என்று சிபாரிசும் ஆகிவிட்டது. முதல் சுற்றில் ஐம்பத்தெட்டு பேர் அவுட். வயிறு எரியாமல் என்ன செய்யும்? கேள்வியை இவர்களே கேட்பார்களாம், பதிலையும் இவர்களே போட்டுக்கொள்வார்களாம், நடுவில் ஒரு மனுஷனைக் கூப்பிட்டு மானத்தை வாங்குவார்களாம்.

ஆராய்ச்சிக்குத் தலைமை பெரிய டாக்டர். அக்கா அவரிடம் மூன்று தடவை போனார். முதல் தடவை தாழ்வாரத்தில் பிடித்தார். "பாக்கலாம், பாக்கலாம்" என்று நடந்துகொண்டே சொன்னார். இரண்டாம் தடவை எழுதிக் கொடுத்தார். 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்ற ரப்பர் ஸ்டாம்போடு அது திரும்பி வந்தது. மூன்றாம் தடவை அறைக்கே போனார். பெரிய டாக்டர் சிரித்த முகமாகவே பேசினார்.

"சிஸ்டர், நீங்க ரொம்ப நல்லா போன் பண்றீங்க. ஆராய்ச்சியை நாங்க பாத்துக்கறோம். உலகம் முழுக்க இப்படித்தான் பண்றாங்க. ஒவ்வொருத்தர் சொல்ற கதையையும் எழுதினா அது ஆராய்ச்சி இல்ல, தொடர்கதை."

"சரிங்க சார்," என்றார் அக்கா. குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. பெரிய டாக்டர் நிம்மதியாகப் பேனாவை மூடினார்.

இதற்கு மேல்தான் கூத்து. சங்கத்தின் ஆண்டு மாநாடு பதினேழாம் தேதி. அதில் அக்காவுக்கு ஷீல்டு கொடுக்கப் போவதாகக் கடிதம் வந்தது. எதற்கென்றால், ஒரு படிவத்தையும் வெற்றாக விடாததற்கு. வீட்டுக்காரர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"படிக்காத பேப்பருக்கு ஷீல்டா?"

"ஆமா."

"போ. ஆனா அதை யார் தலையிலயும் போட்டுடாத. கனமா இருக்கும்."

மாநாட்டு மண்டபம் சொகுசானது. காலுக்குக் கீழே கம்பளம், ஏசி குளிர், ஒவ்வொரு நாற்காலிக்கும் தண்ணீர் பாட்டில். முழங்காலை நீட்ட இடம் வேண்டும் என்று அக்கா கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்தார். சண்டை போட வேண்டும் என்று நினைத்து வந்தவர் இல்லை. மேடையில் என்ன பேசுவது என்றுகூட யோசித்திருக்கவில்லை. பையில் ஷீல்டு வைக்க ஒரு துணியும், கணக்கம்மா கொடுத்த ஒரு தாளும், எப்போதும் இருக்கிற வெற்றுப் படிவங்களும் பேனாவும்தான்.

சங்கத் தலைவர் பேச ஆரம்பித்தார். நோயாளிகளுக்கு மன உறுதியை எப்படி ஊட்டுவது என்பது பேச்சு. பத்து நிமிடத்தில் முன்வரிசையிலிருந்து நீலக் கோட்டுக்காரர் ஒருவர் எழுந்து, குனிந்தபடியே அக்காவைத் தாண்டி வெளியே போனார். பின்னாலேயே இரண்டு பேர். பிறகு ஒரு அம்மாள். கதவு திறந்து திறந்து மூடியது. அக்காவின் கை தன்பாட்டுக்குப் பைக்குள் போய் ஒரு படிவத்தை எடுத்தது. பதினெட்டு மாதப் பழக்கம். நேரம், ஆள், காரணம். காரணத்துக்கு வந்ததும் பேனா நான்காவது கட்டத்துக்கு மேல் நின்றது. பிறகு இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார். அடுத்த ஆளுக்கும் இரண்டு. அதற்கடுத்த ஆளுக்கும் இரண்டு. மத்தியானம் வரைக்கும் கை ஓயவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் பரிசு கொடுத்தார்கள். ஷீல்டைக் கையில் கொடுத்து, இரண்டு நிமிடம் நன்றி சொல்லச் சொன்னார்கள். அக்கா ஷீல்டைத் தரையில் வைத்துவிட்டுப் படிவக் கட்டைப் பிரித்தார்.

"எனக்கு மேடைல பேசத் தெரியாது. படிவம்தான் எழுதத் தெரியும். காலைலருந்து எழுதினதைப் படிக்கறேன்," என்றார். "ஒம்பது அம்பது. தலைவர் பேசறார். முன்வரிசை, நீலக் கோட்டு சார். பேச்சைக் கேட்டு முடிக்கல. காரணம், ரெண்டு, அக்கறை இல்லை. ஒம்பது அம்பத்திரெண்டு. மூணாவது வரிசை, கண்ணாடி போட்ட சார். காரணம், ரெண்டு, அக்கறை இல்லை. பத்து மணி. பச்சைப் பையோட ஒரு மேடம். ரெண்டு. அக்கறை இல்லை."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. சிஸ்டர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தார்கள். அக்கா நிறுத்தாமல் படித்தார். ஆறாவது ஆளுக்கு வரும்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நீலக் கோட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"அம்மா, நான் பாத்ரூம் போனேன். எனக்கு வயசு அறுபத்தெட்டு. அதை அக்கறை இல்லன்னா எப்படி?"

"அதுக்கு இதுல கட்டம் இல்லையே சார்," என்றார் அக்கா. குரல் இன்னும் இறங்கியிருந்தது. மைக்கை யாரோ பக்கத்தில் தள்ளினார்கள். "மற்றவைன்னு ஒண்ணு இருக்கு. அதுல போட்டா ரெண்டோட சேர்த்துடணும். அது நான் போட்ட விதி இல்ல, உங்க சங்கம் போட்டது. எதுக்குச் சுத்தி வளைக்கணும்னு நானே நேரா ரெண்டுல போட்டுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"இந்த விதியில ஒரு டிரைவருக்கு லெட்டர் போட்டிருக்கீங்க. அவருக்கு ரெண்டரை மணி நேர ரூட்டு. வழியில பாத்ரூம் இல்ல. கோடியில ஒண்ணு இருக்கு, அதுல பூட்டு. முப்பத்தஞ்சு தடவை எழுதியிருக்கேன். மூணாம் மாடியில சாக்குல கட்டிக் கிடக்கு. அவருக்குத் தன் உயிர் மேல அக்கறை இல்லன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க. இருபதாம் தேதி அவரு டிரைவர் வேலை போகப் போகுது. இங்க ஆறு பாத்ரூம் இருக்கு. காலைலருந்து நூத்திப் பன்னெண்டு தடவை போயிருக்கீங்க. யாரும் உங்களைச் சாவி கேக்க வைக்கல. மூணு தடவை போனவங்க நாலு பேரு. விதிப்படி அவங்க பேரை எடுத்துடணும். எடுக்கட்டுமா?" பெரிய டாக்டர் பெயர் அந்த நாலில் இருந்தது. அக்கா அதை மட்டும் படிக்கவில்லை. வேண்டுமென்றே விட்டார் என்பது பெரிய டாக்டருக்கும் தெரிந்துதான் இருந்தது.

கீழே இறங்கியதும் பெரிய டாக்டர் தாழ்வாரத்தில் வழி மறித்தார். முகம் சிவந்திருந்தது.

"சிஸ்டர், இதை என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் சார். மூணு தடவை. நீங்க அதையும் மற்றவைல போட்டுட்டீங்க."

தலைவர் பின்னாலேயே வந்து, ஒரு குழு போடுவோம், குழு ஆராய்ந்து மூன்று மாதத்தில் சொல்லும் என்றார். அக்கா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கணக்கம்மா முந்தின நாள் பதிந்து கொடுத்தது. நீக்கப்பட்ட ஐம்பத்தெட்டு பேரின் பதிவு எண்கள், பக்கத்தில் அவரவர் சொன்ன காரணம், எல்லாருக்கும் எதிரே, மறுபடி சேர்த்துக்கொள்ளக் கையெழுத்துப் போட ஒரு இடம்.

"குழு மெதுவா ஆராயட்டும் சார். இருபதாம் தேதி மெதுவா வராது."

நீலக் கோட்டுக்காரர் அதை எட்டிப் பார்த்தார். ஒரு வரியில் விரல் வைத்து, உரக்கப் படித்தார்: "ஷிஃப்டுக்கு ரெண்டு டோக்கன்." பெரிய டாக்டரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குத்தான் பெரிய டாக்டர் பேனாவைத் திறந்தார் என்று அக்கா இன்றைக்கும் சொல்வார். கையெழுத்துப் போட ஆரம்பித்தார். முப்பதாவது கையெழுத்தில் கால் மாற்றி நின்றார். நாற்பதாவது கையெழுத்தில் நிமிர்ந்தார்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர், போயிட்டு வந்துடறேன்."

"போயிட்டு வாங்க சார்," என்றார் அக்கா. "நான் எழுதிக்க மாட்டேன்."

ஐம்பத்தெட்டும் முடிந்தது. பத்தொன்பதாம் தேதி டிரைவர் கிளினிக்குக்கு வந்து சான்று வாங்கிக்கொண்டார். போகும்போது பின்பக்க அறைக்கு வந்து வாசலிலேயே நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முதல் தடவையாக நேரில் பார்த்தது அப்போதுதான். "உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்கா" என்றார். "நினைக்காம என்ன பண்ணுவீங்க" என்றார் அக்கா.

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். மூன்று மாதம் கழித்துக் குழுவின் முடிவு வந்தது, புதுப் படிவமாக. வழவழப்பான தாள். மேலே சங்கத்தின் முத்திரை. காரணத்துக்கு மூன்று கட்டம்: மறந்துவிட்டேன், அக்கறை இல்லை, உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான்காவது கட்டத்தையே காணோம். குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக நீக்கப்பட்டது என்று இணைப்புக் கடிதம் சொன்னது.

அக்கா அந்தக் கடிதத்தை மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு டிராயரிலிருந்து ஸ்கேலை எடுத்தார். முந்நூற்று நாற்பது படிவத்திலும் மூன்றாவது கட்டத்துக்குக் கீழே ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார். இந்தத் தடவை கோட்டைத் தாளின் கடைசி வரைக்கும் இழுத்தார். முடிக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் போனை எடுத்தார்.

"தம்பி, மாத்திரை போட்டீங்களா?"

"இல்லக்கா."

"ஏன்?"

"அதே பூட்டுதான்."

"இருங்க, எழுதிக்கறேன்," என்றார் அக்கா. குரல் காதில் விழாத அளவுக்குத் தணிந்திருந்தது.